பேருக்கு ஏற்ற வேலை

அத்தியாயம் 9

ஹென்ட்ரிக்கின் மேல்கோட்டு கடைச் சுவர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து ரீனஸ் வாயைத் திறக்கவில்லை. துப்பறியும் நிபுணர் அலைடா க்ராமரிடம் உதவியாளனாகச் சேர்ந்த பிறகு அவன் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது இதுதான் முதல் முறை.

வெளியே ஹௌடா நகரத்துக் கால்வாய்களின் ஓரங்கள் வெளுத்து இறுகத் தொடங்கியிருந்தன. இன்றிரவு கடும் உறைபனி என்று வானொலி காலையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தது. ஊர்முழுக்கப் பரண்களிலிருந்து பனிச்சறுக்குக் காலணிகள் இறங்கிக்கொண்டிருந்தன. பூட்டுக்கடைக்காரர் ஹென்ட்ரிக் மட்டும் செவ்வாய்க்கிழமை மாலையிலிருந்து ஒரு கம்பளிச் சட்டையோடு எங்கேயோ இருந்தார்.

அடுத்த தெருவில் ஒரு கதவு சிக்கிக்கொண்டது என்று எவனோ தொலைபேசியில் கூப்பிட்டிருக்கிறான். காபி ஆறுவதற்குள் வந்துவிடுகிறேன் என்று கோட்டைக்கூட எடுக்காமல் போனவர்தான். அவருடைய மனைவி த்ரூஸ் இதைச் சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. ஆனால் கல்லா மேசைமேல் இருந்த ஒரே பூட்டைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"நேத்து சாயந்திரம் போன் வந்துச்சு. அவர்தான் பேசினார். 'கவலைப்படாதே. யான் தாத்தா மாதிரி பேருக்கு ஏத்த வேலையில இருக்கேன். போலீசுக்கெல்லாம் போகாதே'ன்னார். அவ்வளவுதான். வெச்சுட்டார். யான்கிறது அவரோட அப்பாவைப் பெத்தவர்."

"குரல் எப்படி இருந்தது?" என்றாள் அலைடா.

"படிச்சு ஒப்பிக்கிற மாதிரி."

த்ரூஸ் அந்தப் பேச்சைக் கேட்காமல் போலீசுக்குப் போனாள். போனது வினையாகிவிட்டது. ஹென்ட்ரிக்கின் முழுப்பெயர் ஹென்ட்ரிக் ஸ்லோட்டன்மாக்கர். ஸ்லோட்டன் என்றால் பூட்டுகள், மாக்கர் என்றால் செய்கிறவர். கடை வாசலில் ஆள் உயரப் பித்தளைச் சாவி ஒன்று வேறு தொங்கியது. இன்ஸ்பெக்டர் ஹோல்ஸ்ட் அந்தச் சாவியையும் பெயரையும் பார்த்தார், தொலைபேசியில் சொன்னதைக் கேட்டார், முடிவுக்கு வந்துவிட்டார். பூட்டுக்காரன் எங்கேயோ ஒரு பெட்டகத்தைத் திறந்துகொண்டிருக்கிறான், அதைத் தன் வாயாலேயே ஒத்துக்கொண்டும் இருக்கிறான். இப்போது ஹௌடாவின் ஒவ்வொரு வங்கி வாசலிலும் ஒரு போலீஸ்காரர் நின்றார். அவர்கள் தேடிக்கொண்டிருந்தது ஒரு திருடனை. குளிரில் விறைத்துக்கொண்டிருக்கும் ஒரு மனிதனை யாருமே தேடவில்லை.

"ராத்திரி பூஜ்யத்துக்குப் பத்து டிகிரி கீழே போகுமாம்" என்றாள் த்ரூஸ். "அவருக்கு நெஞ்சுல சளி."

அலைடா நாற்பதைத் தாண்டிய நெடிய பெண். கையுறைகளைக் கழற்றாமலே கடையைச் சுற்றி வந்தாள். கதவுக் கண்ணாடியில் எழுதியிருந்ததை உள்ளிருந்து வலமிருந்து இடமாகப் படித்தாள். ஸ்லோட்டன்மாக்கர், பூட்டுகளும் சாவிகளும், 1931 முதல்.

"1931ல யார் ஆரம்பிச்சது?"

மாமனார்தான் என்றாள் த்ரூஸ். கிராமத்திலிருந்து ஹௌடாவுக்கு வேலை தேடி வந்த பையனிடம் ஒரு பூட்டுக்கடை முதலாளி பெயரைக் கேட்டாராம். ஸ்லோட்டன்மாக்கர் என்றதும் சிரித்துவிட்டு, இந்தப் பெயரை வைத்துக்கொண்டு வேறு எங்கே போவாய், உள்ளே வா என்றாராம். குடும்பத்தில் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் சொல்லிச் சிரிக்கும் கதை அது.

அலைடா நின்றுவிட்டாள்.

"அப்படின்னா பூட்டுனால பேர் வரல. பேரால பூட்டு வந்திருக்கு." அவள் ரீனஸைப் பார்த்தாள். "இந்தக் குடும்பத்துல முதல் பூட்டுக்காரர் ஹென்ட்ரிக்கோட அப்பா. யான் தாத்தா பூட்டையே தொட்டிருக்க மாட்டார். ஆனா பேர் அவருக்கும் அதேதான். அம்மா, யான் தாத்தா என்ன வேலை பார்த்தார்?"

த்ரூஸுக்குத் தெரியவில்லை. மாமனார் தன் அப்பாவைப் பற்றிப் பேச மாட்டார். ஹென்ட்ரிக் தாத்தாவின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை.

"முகமே பார்க்காத தாத்தாவைப் பத்தி, ஆபத்துல இருக்கிற மனுஷன் எதுக்குப் பேசறார்?"

பூட்டு மூடும் சத்தம் நின்றது. தாத்தாவுடைய ஊரின் பெயர் மட்டும் தெரியும் என்றாள் த்ரூஸ். ப்ரூக்டாம்.

ரீனஸ் அதற்குள் கார் சாவியை எடுத்திருந்தான்.

*

அவனுடைய பழைய டாஃப் கார் தையல் இயந்திரம்போல ஓசையெழுப்பிக்கொண்டு கரைச் சாலையில் ஓடியது. இருபுறமும் தாழ்ந்த மேய்ச்சல் நிலம், அதைக் கோடு கோடாகக் கிழிக்கும் வாய்க்கால்கள், அவற்றின் விளிம்பில் வெளுத்த நாணல். சூரியன் ஒரு மங்கலான ஆரஞ்சுச் சுளையாக அடிவானத்தின்மேல் உட்கார்ந்திருந்தது. இன்னும் கொஞ்சநேரத்தில் அதுவும் போய்விடும்.

பின்சீட்டில் அவனுடைய சறுக்குக் காலணிகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. இன்று மாமாவின் ஊருக்குப் போய் சறுக்கி விளையாடப் பனித்தளம் போட உதவுவதாக இருந்தான்.

"பேருக்கும் வேலைக்கும் சம்பந்தம் இருக்கணும்னு என்ன இருக்கு மேடம்? என்னையே எடுத்துக்கங்க. ஃபிஸ்ஸர். மீன் பிடிக்கிறவன். தட்டுல மீன் வந்தா நான் ஜன்னலைத் திறக்கிற ஆளு."

"என் பேருக்கு என்ன அர்த்தம் தெரியுமா?"

"க்ராமர். தெருத்தெருவா மூட்டை தூக்கி விக்கிறவங்க. உங்களுக்குப் பொருந்துது. நீங்க சந்தேகத்தை விக்கிறீங்க."

அவள் சிரிக்கவில்லை. வேகமாகப் போ என்றாள். போய்க்கொண்டுதான் இருக்கிறேன், இது காரின் அபிப்பிராயம் என்றான் ரீனஸ்.

ப்ரூக்டாம் ஒரே தெருவும் ஒரு கூர்மையான தேவாலயக் கோபுரமும் உள்ள ஊர். தெருவில் ஒரே ஒரு கடையில்தான் விளக்கு எரிந்தது. அது ரொட்டிக்கடை. அதற்கு எதிர்ச்சுவரில் நீலத்தகட்டில் தெருவின் பெயர் இருந்தது. ஸ்லோட்டன்வெக். வெக் என்றால் சாலை.

ரீனஸ் சத்தமாகப் படித்துவிட்டு அலைடாவுக்கு முன்னால் கடைக்குள் நுழைந்தான். உள்ளே மூன்று பெண்கள் ரொட்டிக்காக நின்றிருந்தார்கள். கல்லாவுக்குப் பின்னால் மாவு படிந்த முழங்கைகளோடு நின்றவள் கடைக்காரி நேல்.

"பூட்டுச் சாலைன்னு பேர் வெச்சிருக்கீங்களே, அத்தனை திருடங்களா இந்த ஊர்ல?" என்றான் ரீனஸ்.

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு நான்கு பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள். ஒருத்தி கண்ணையே துடைத்துக்கொண்டாள்.

"ரோட்டர்டாமா தம்பி?" என்றாள் நேல். "பூட்டாம். இங்க கதவையே எவளும் சாத்த மாட்டா. அது வாய்க்கால் சாலைப்பா. வாய்க்கால்."

ரீனஸுக்குக் காது சூடானது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஒற்றைப் பூட்டு ஸ்லொட், குறுகிய ஒலி. ஒற்றை வாய்க்கால் ஸ்லோட், நீண்ட ஒலி. ஒன்றாக இருக்கும்வரை இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. பலவாகும்போது இரண்டுமே ஸ்லோட்டன் ஆகிவிடும். ஒரே எழுத்து, ஒரே ஒலி. நகரத்தில் பிறந்தவன் காதில் அது பூட்டாக விழுகிறது. சேற்றில் பிறந்தவன் காதில் அதுவே வாய்க்கால்.

அவன் திரும்பிப் பார்த்தான். அலைடா கையுறைகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஏதோ பிடிபடும்போது மட்டும் அவள் செய்கிற காரியம் அது.

"அப்ப ஸ்லோட்டன்மாக்கர்ங்கிறது..." என்று தொடங்கினாள்.

"யான் ஸ்லோட்டன்மாக்கரா?" என்றாள் நேல். "இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடுவுல இருக்கிற அத்தனை வாய்க்காலும் அவர் வெட்டினது, அவர் அப்பா வெட்டினது. வாய்க்கால் வெட்டுற வம்சம். அவர் பையன் ஹௌடா போய்ப் பூட்டு விக்கிறான்னு கேள்விப்பட்டு எங்க அம்மா ஒரு வாரம் சிரிச்சாங்களாம்."

"அவங்க எங்க குடியிருந்தாங்க?" என்றாள் அலைடா.

வெட்டும் காலம் முழுக்கச் சேறு அள்ளும் படகில்தான் என்றாள் நேல். முன்பக்கம் ஒரு சின்ன அறை வைத்த மரப்படகு. யான் செத்த பிறகு அதைக் கடைசி மேய்ச்சல் நிலத்தின் மூலையில் இழுத்துப் போட்டார்கள், அது மண்ணில் பாதி புதைந்து இன்னும் அங்கேதான் கிடக்கிறது. பிள்ளைகள் ஒளிந்து விளையாடும் இடம்.

"ஆனா இனி வசந்தம் வரைக்கும் பார்க்க முடியாதும்மா. மத்தியானத்துலேர்ந்து அந்த நிலத்துக்குத்தான் தண்ணி விடறாங்க, பனித்தளத்துக்கு. வருஷா வருஷம் கோயில் பக்கத்து நிலம். இந்த வருஷம் தளத்தைப் பார்த்துக்கிற ஐஸ் மேஸ்திரி பாரண்டுக்கு என்ன தோணிச்சோ, அங்க வெச்சிருக்கான்."

அந்த நிலத்தில்தான் படகு. தண்ணீர் உறையும். ஊர்ப்பிள்ளைகள் அதன்மேல் சறுக்குவார்கள்.

ஹௌடா போலீசுக்குப் போன் போடுங்கள், இன்ஸ்பெக்டர் ஹோல்ஸ்டைக் கேளுங்கள், ஆள் உயிரோடு இருந்தால் அந்தப் படகில்தான் இருக்கிறான் என்று சொல்லுங்கள் என்றாள் அலைடா. சொல்லி முடிக்கும்போது அவள் வாசலைத் தாண்டிவிட்டாள்.

*

கரையின்மேல் மதகு இருந்தது. அப்பால் உயரத்தில் பெரிய கால்வாய், இப்பால் பள்ளத்தில் மேய்ச்சல் நிலம். மதகின் பலகை தூக்கப்பட்டு, கறுத்த தண்ணீர் சத்தத்தோடு உள்ளே பாய்ந்துகொண்டிருந்தது. நிலம் ஏற்கெனவே ஏரியாகிவிட்டது. நாணல் நுனிகள் மட்டும் வரிசை வரிசையாக வெளியே நின்றன. தூரத்து மூலையில் தண்ணீருக்கு மேல் படகின் கறுப்பு முதுகு.

மதகின் பக்கத்தில் ஐஸ் மேஸ்திரி பாரண்ட் நின்றிருந்தான். அறுபது வயதிருக்கும். சிவந்த மூக்கு, கம்பளித் தொப்பி, முழங்கால்வரை நீளும் கனத்த கோட்டு. பனித்தளத்தைப் பார்க்க வந்த நகரத்து ஜோடி என்று நினைத்து, இன்னும் ரெண்டு ராத்திரி பொறுங்க, அப்புறம் உங்க வீட்டுக்காரம்மாவைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகலாம் என்று ரீனஸிடம் கண்ணடித்தான்.

படகில் ஒரு மனிதன் இருக்கக்கூடும், மதகை மூடுங்கள் என்றாள் அலைடா.

பாரண்டின் முகம் வெளுத்தது. கடவுளே என்றான். உடனே மதகை இறக்கும் இரும்புக் கைப்பிடியைத் தேடினான். பல்சக்கரத்தில் அது இல்லை. சறுக்குச் சங்கக் கொட்டகையில் வைத்துவிட்டேன், ஓடிப்போய் எடுத்து வருகிறேன் என்றான். நீங்கள் குறுக்கே இறங்காதீர்கள், தண்ணீருக்கடியில் வாய்க்கால் எங்கே இருக்கிறதென்று தெரியாது, காற்றாலைப் பக்கமாகச் சுற்றிப் போங்கள் என்று கையைக் காட்டினான். அக்கறையான குரல். நல்ல யோசனையும்கூட.

காற்றாலை தூரத்தில் ஒரு பொம்மைபோல் தெரிந்தது.

அலைடா அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. கரையிலிருந்து நேராகத் தண்ணீரில் இறங்கினாள்.

ரீனஸ் பின்னால் இறங்கினான். குளிர் தண்ணீராக இல்லை, பல்லாக இருந்தது. முதல் அடியில் முழங்கால்வரை வந்தது. நாணல் வரிசைகளுக்கு நடுவில் நட, நாணல் இருந்தால் அது வாய்க்கால் விளிம்பு என்று அலைடா முன்னாலிருந்து சொன்னாள். இரண்டு முறை அவன் கால் விளிம்பில் வழுக்கியது. ஒருமுறை இடுப்புவரை போய், நாணலைப் பிடித்துக்கொண்டு ஏறினான்.

"ஃபிஸ்ஸர்னு பேர் வெச்சுக்கிட்டு எங்க வம்சத்துல தண்ணில இறங்கினவன் நான்தான் மேடம் முதல் ஆள்" என்றான். பல் அடித்துக்கொண்டதில் பாதிதான் வார்த்தையாக வந்தது.

பிறகு வேறு ஒன்று உறைத்தது. கீழே பார்த்தான். முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

"மேடம். இது சரியில்ல. பனித்தளத்துக்கு ஒரு சாண் தண்ணிதான் விடுவாங்க. ஒரு சாண்னா ஒரே ராத்திரியில கெட்டியாயிடும். விரிசல் விட்டாலும் எவனும் முழுக மாட்டான். எங்க மாமா விரல் அளவு கூடினாலே கத்துவாரு. இவ்வளவு ஆழம் விட்டா ஒரு வாரம் ஆனாலும் ஆளைத் தாங்காது. இது ஐஸ் போடறதுக்கு விட்ட தண்ணி இல்ல."

அலைடா நடையை நிறுத்தவில்லை. ஆனால் தோளுக்கு மேல் ஒருமுறை கரையைத் திரும்பிப் பார்த்தாள். மதகுப் பக்கம் யாரும் இல்லை.

படகின் முன்னறைக் கதவு இடுப்பு உயரக் கதவு. அதில் பாதி தண்ணீருக்குள் இருந்தது. குறுக்கே ஒரு பலகை ஆணியடித்து வைக்கப்பட்டிருந்தது. ஆணித் தலைகள் பளபளத்தன. விளையாடும் பிள்ளைகள் புது ஆணி அடிப்பதில்லை.

ரீனஸ் பலகையின் அடியில் விரல்களைக் கொடுத்து இழுத்தான். வரவில்லை. காலை மரத்தில் ஊன்றி மறுபடி இழுத்தான். மக்கிய மரம் ஆணியை விட்டுவிட, அவன் பலகையோடு பின்னால் தண்ணீரில் உட்கார்ந்தான். அலைடா ஏற்கெனவே உள்ளே குனிந்திருந்தாள்.

உள்ளே இருட்டு. சேற்று வாடை. பிறகு ஒரு முனகல்.

ஹென்ட்ரிக் ஒரு பலகைமேல் கட்டிப்போடப்பட்டிருந்தார். படுத்தபடி கழுத்தை மட்டும் தூக்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் அவர் காதுகளை மூடி, தாடையைத் தொட்டுக்கொண்டிருந்தது. கழுத்து இற்றுப்போய் இன்னும் எத்தனை முறை தாழ்ந்து எழும் என்று சொல்ல முடியாத நிலை. வாயில் துணி. ரீனஸ் பேனாக்கத்தியால் கயிற்றை அறுத்தான். அலைடா வாய்த்துணியை எடுத்தாள்.

வெளியே இழுத்ததும் அவருக்குத் தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தினான். ஆளுக்கொரு பக்கம் தோள்கொடுத்து, வந்த வழியே நடந்தார்கள்.

"பேசிட்டே வாங்க, தூங்கக்கூடாது" என்றாள் அலைடா. "அவன் முகத்தைப் பார்த்தீங்களா?"

பார்க்கவில்லை என்றார் ஹென்ட்ரிக். கண்ணுக்கு மட்டும் ஓட்டை விட்ட கம்பளி முகமூடி போட்டிருந்தான், கிசுகிசுப்பாகத்தான் பேசினான். கண்ணைக் கட்டி எங்கேயோ கூட்டிப் போனான். அவிழ்த்தபோது எதிரில் மூன்று பூட்டுப் போட்ட பழைய இரும்புப் பெட்டி. சுற்றிலும் கல்சுவர், மெழுகுவர்த்தி வாசனை. திறந்து கொடுத்தார். உள்ளே வெள்ளிக் கிண்ணங்களும் தட்டுகளும். ரீனஸ் நிமிர்ந்து கோபுரத்தைப் பார்த்தான். வேலை முடிந்ததும் மறுபடி கண்கட்டு. தொலைபேசியில் பேச வைத்தான். பிறகு இந்த இடம்.

"போன்ல நீங்க குடுத்த துப்பு பிரமாதம் சார்" என்றான் ரீனஸ். "கடத்தினவன் காதுக்குப் பூட்டு. எங்க மேடம் காதுக்கு வாய்க்கால்."

ஹென்ட்ரிக் நின்றுவிட்டார். தண்ணீரில் மூவரும் ஒரு கணம் தள்ளாடினார்கள்.

"என்ன வாய்க்கால்?"

ரீனஸ் சொன்னான். அவர் புரியாமல் அவனையே பார்த்தார்.

"எங்க வம்சம் பூட்டு வம்சம் தம்பி. வாய்க்கால்னு நான் ஒண்ணும் சொல்லல. அந்த வார்த்தையே என்னோடது இல்ல. அவன் காதுல சொல்லிக் குடுத்தான், நான் அப்படியே ஒப்பிச்சேன். யான் தாத்தா பேரும் அவன் சொன்னதுதான்." அவர் மூச்சை இழுத்துப் பிடித்தார். "சொல்லிக் குடுத்துட்டு அவன் சிரிச்சான். அடக்க முடியாம சிரிச்சான். பூட்டுல சிரிக்க என்ன இருக்குன்னு எனக்கு இப்ப வரைக்கும் புரியல."

ரீனஸுக்குப் புரிந்துவிட்டது. துப்பு என்று நினைத்தது துப்பே இல்லை. ஒருவன் தனக்குள் சொல்லிக்கொண்ட வேடிக்கை. வாய்க்கால்காரன் பேரனை வாய்க்கால்காரன் படகிலேயே மூழ்கடிக்கப் போகிறவன், அதை அந்த மனிதன் வாயாலேயே மனைவிக்குச் சொல்ல வைத்திருக்கிறான். ஹௌடாவில் ஒருவருக்கும் இது வேடிக்கை இல்லை. ப்ரூக்டாமில் பிறந்தவனுக்கு மட்டும்தான்.

ஆனால் ப்ரூக்டாமில் பிறந்தவர்கள் ஊர்முழுக்க இருக்கிறார்களே.

*

கரையில் கூட்டம் சேர்ந்திருந்தது. நேலின் வாய்க்கு அத்தனை வேகம். கம்பளிகளோடும் சூடான பட்டாணி சூப்போடும் ஆட்கள் ஓடி வந்தார்கள். தோளில் சறுக்குக் காலணிகளை மாட்டிய பிள்ளைகள் நின்றார்கள். பாதிரியார்கூட வந்திருந்தார். ஹென்ட்ரிக்கை நான்கு கம்பளிகளில் சுற்றி ஒரு தள்ளுவண்டியில் உட்கார வைத்தார்கள். போலீஸ் கிளம்பிவிட்டது என்றாள் நேல்.

பாரண்ட் கூட்டத்தைப் பிளந்துகொண்டு மூச்சிரைக்க வந்தான். கொட்டகை முழுக்கத் தேடினேன், கைப்பிடியைக் காணவில்லை, எவனோ எடுத்துவிட்டான் என்றான். ஹென்ட்ரிக்கைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டான். அவன் கண்ணில் நீர் நின்றது. ரீனஸ் அவனையும் அவனுக்குப் பின்னால் இன்னும் பாய்ந்துகொண்டிருந்த தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தான். ஆழத்தை வைத்து ஒருவனைக் கைது செய்ய முடியாது. கை தவறி அதிகம் விட்டுவிட்டேன் என்று சொன்னால் போதும். போலீஸ் வருவதற்குள் வெள்ளியும் கைப்பிடியும் கால்வாயின் அடிக்குப் போய்விடும். ஹென்ட்ரிக்கோ முகத்தைப் பார்த்தவரில்லை.

அலைடா முட்டிவரை சேறு அப்பிய நிலையில் கரையின் உயரமான இடத்தில் ஏறி நின்றாள். சத்தம் போடவில்லை. ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

"இவரைக் கடத்தினவன் ஒரு விஷயத்துல மாட்டிக்கிட்டான். ஸ்லோட்டன்மாக்கர்னா வாய்க்கால் வெட்டுறவன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. போன்ல அதை வெச்சு விளையாடியிருக்கான். ஹௌடால இது யாருக்கும் தெரியாது. அதனால இங்க யாருக்கெல்லாம் அந்தப் பேரோட அர்த்தம் முன்னாடியே தெரியுமோ, அவங்க மட்டும் கையைத் தூக்குங்க. போலீஸ் வந்ததும் அவங்களைத்தான் ஒவ்வொருத்தரா விசாரிக்கப் போறாங்க."

மேடத்துக்கு மூளை உறைந்துவிட்டது என்று ரீனஸ் நினைத்தான். இந்த ஊரில் தொட்டில் குழந்தைக்கும் தெரிந்த அர்த்தத்தைக் கேட்டு யாரைப் பிடிப்பது?

முதலில் நேலின் மாவுக்கை ரோஷத்தோடு மேலே போனது.

"எனக்குத் தெரியும். விசாரிச்சுக்கட்டும். தெரிஞ்சது குத்தமா?"

பாதிரியார் கையைத் தூக்கினார். பாலாடைக்கட்டிக்காரர் தூக்கினார். ரொட்டிக்கடையில் சிரித்த பெண்கள் தூக்கினார்கள். பிள்ளைகள் இரண்டு கைகளையும் தூக்கினார்கள். கரை முழுக்கக் கைகளின் காடு. மூச்சுப்புகை அவற்றுக்கிடையில் மெல்ல மேலேறியது.

பாரண்ட் மட்டும் தொப்பியைப் பிடித்தபடி நின்றான்.

"உங்களுக்குத் தெரியாதா?" என்றாள் அலைடா. கேட்ட விதத்தில் ஒரு சந்தேகமும் இல்லை, மரியாதைதான் இருந்தது.

"எனக்கு இந்த அர்த்தமெல்லாம் எங்கம்மா தெரியும்?" என்றான் பாரண்ட். "பூட்டுக்காரங்கன்னுதான் நான் நெனச்சிட்டிருந்தேன்."

அப்போதுதான் அவனுக்கு ஊரின் மௌனம் கேட்டது. சுற்றிலும் பார்த்தான். எல்லாக் கைகளும் இன்னும் மேலே இருந்தன. ஆனால் அத்தனை முகங்களும் அவன் பக்கம் திரும்பியிருந்தன.

நேல் கையை இறக்காமலே பேசினாள். குரல் தாழ்ந்திருந்தது.

"பாரண்ட். உங்கப்பா சாகுற வரைக்கும் யான்கூட மண்வெட்டி பிடிச்சவர். நீ தவழ்ந்ததே அந்தப் படகுலதான்."

பாரண்ட் ஒரு அடி பின்னால் வைத்தான். பின்னால் பாதிரியார் நின்றிருந்தார். அவர் நகரவில்லை.

தள்ளுவண்டியில் ஹென்ட்ரிக் கம்பளிக்குள்ளிருந்து தலையை நீட்டினார். அவருக்கு இன்னும் முழுதாகப் புரியவில்லை. ஆனால் நடுக்கம் நின்றிருந்தது.

அலைடா மேட்டிலிருந்து இறங்கி வந்து பாரண்டின் எதிரில் நின்றாள்.

"இப்ப நீங்களும் தூக்குங்க" என்றாள். "ரெண்டு கையையும்."

கைகள் மெதுவாக மேலே போயின. கனத்த கோட்டு அவற்றோடு சேர்ந்து உயர்ந்தது. அதன் உட்பக்கத்திலிருந்து மதகின் இரும்புக் கைப்பிடி நழுவி, இறுகிய கரைமண்ணில் மணியடித்ததுபோல் விழுந்தது.